ஐஸ்காரர் சாரூனின் தலை

சாரூன் பெரியப்பாவின் தலையில் இரண்டு சுழி உண்டு. ஒன்று உச்சியில், இன்னொன்று அதற்குக் கொஞ்சம் இடப்பக்கம். வலது காதுக்கு மேலே ஒரு கொத்து முடி எப்போதும் குத்திட்டு நிற்கும். எவ்வளவு தண்ணீர் தெளித்துச் சீவினாலும் படியாது. பிடரி முடி கீழிருந்து மேலே வளரும். என் புருஷன் தலையைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு தெரியாது. இருபத்தாறு வருஷமாகக் கத்தரி பிடிக்கிறேன். பட்டம்பாங் ஊரில் என் கைக்கு வராத தலை குறைவு. ஆனாலும் ஒரே ஒரு தலையைப் பற்றி எழுதச் சொன்னால் நான் எழுதுவது இதைப் பற்றித்தான்.

எனக்குச் சொந்தமில்லை, வயதுக்கு மரியாதையாகத்தான் பெரியப்பா என்கிறேன். ஆளைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. குட்டையான உருவம், முட்டி தெரியக் கட்டிய கைலி, தலையில் கட்டம் போட்ட துண்டு. நாட்டில் நடந்த சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு ஊருக்கு வந்து, ரயிலடியில் மூட்டை சுமந்து, அப்புறம் ஐஸ் வண்டிக்கு மாறியவர். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு தொட்டி வண்டி, அதில் உமிக்குள் புதைத்த ஐஸ் கட்டிகள், ஒரு ரம்பம். அவ்வளவுதான் அவருடைய சொத்து. ஊரில் யார் பேரும் அவருக்கு நினைவிருக்காது. 'அரைக்கட்டி அம்மா வீட்ல கல்யாணம்', 'முக்கால்கட்டி கடையை வித்துட்டான்' என்றுதான் பேசுவார். என்னைக் கால்கட்டி டீச்சர் என்பார். நான் தொழில் சொல்லிக்கொடுக்கும் மையத்துச் சமையல்கட்டுக்குத் தினமும் கால் கட்டிதான் போடுவார்.

இப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. வண்டியை மகன் ஓட்டுகிறான். நான் சொல்லப்போவது நடந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்பது.

அப்போது நான் மார்க்கெட்டில் இருந்த என் கடையை மூடிவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் ஒரு மையத்தில் சேர்ந்திருந்தேன். தூர தேசத்தில் இருக்கும் யாரோ நல்ல மனசுக்காரர்கள் அனுப்பும் உதவியில் நடந்த இடம் அது. தையல், சமையல், மோட்டார் ரிப்பேர் என்று ஏற்கெனவே வகுப்புகள் இருந்தன. முடிதிருத்தம் புதுசு. "உன் கோபத்துக்கு அந்தப் பிள்ளைங்க ஒரு வாரம் தாங்காது" என்றார் என் புருஷன். தாங்கினார்கள். ஒன்பது பெண்கள். ஆறு பேர் ஊருக்கு வெளியே உள்ள குப்பைமேட்டிலிருந்து வந்தவர்கள், மூன்று பேர் செங்கல் சூளையிலிருந்து. பதினைந்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள். ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் இருபது கிலோ அரிசி மையம் கொடுத்தது. பெண் பொறுக்கிவரும் பிளாஸ்டிக்கில்தான் வீட்டில் உலை கொதிக்கும். அந்த அரிசி இல்லையென்றால் முதல் வாரத்திலேயே தாய்மார்கள் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

பழகுவதற்கு வெளிநாட்டிலிருந்து பெட்டி நிறையப் பொம்மைத் தலைகள் வந்தன. எல்லாவற்றுக்கும் மஞ்சள் முடி. பெண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்துக் கொஞ்சினார்கள். மூன்றாம் மாதம் அந்தத் தலைகளில் நூல் பிடித்த மாதிரி வெட்டினார்கள். அதிலும் தியாரி என்ற பெண்ணுக்குப் பதினேழு வயதுதான், ஆனால் அந்தக் கை வேகம் எனக்கே கிடையாது. ஆறு வயதிலிருந்து குப்பையில் கண்ணாடிச் சில்லுக்கும் தகரத்துக்கும் நடுவே கைவிட்டுப் பழகிய விரல்கள். மையத்திலேயே நான் குறைவாகத் திட்டியது அவளைத்தான். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று தெரியும்.

பிறகு தெருவைப் பார்த்த மாதிரி ஒரு கடை திறந்தோம். இரண்டு நாற்காலி, பெரிய கண்ணாடி, முடி கழுவ ஒரு சாய்வுக் கட்டில். மையத்து நிர்வாகி விச்செட் ஒரு காகிதத்தோடு வந்து நிபந்தனையைச் சொன்னார்.

"புத்தாண்டுக்குள்ள ஒவ்வொரு பொண்ணும் முப்பது நிஜத் தலை வெட்டியிருக்கணும் டீச்சர். அதுல பாதி பொம்பளைங்க தலை. அப்பதான் சான்றிதழ். பொம்மைத் தலை வெட்டினவளை எந்தக் கடைக்காரி வேலைக்கு எடுப்பா?"

"முடியலன்னா?"

"பணம் அனுப்பறவங்க இந்த வகுப்பை மூடச் சொல்லிட்டாங்க. தையல்ல இடம் இல்ல. பொண்ணுங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

வீடு என்றால் குப்பைமேடும் சூளையும். ஒன்பது பேரும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இலவசம் என்று பலகை எழுதி வைத்தும் ஒருத்தரும் வரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை. எங்களுக்கு உடம்பிலேயே உயர்ந்த இடம் தலை, அதில் கண்டவர் கை படக் கூடாது. இந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று ஊருக்குத் தெரியும். என் தம்பியை இழுத்து வந்தேன்; தலைவலி என்று வாசலோடு திரும்பிவிட்டான். என் புருஷன் மட்டும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். பொம்மைத் தலையில் அவ்வளவு அழகாக வெட்டுகிற பெண்கள் அவர் பிடரியைக் குதறி வைத்தார்கள். இரண்டு வாரம் தொப்பியோடு திரிந்தார். நான் போட்ட சத்தத்தில் பெண்கள் அழுதார்கள். ஏன் கோணலாகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

இப்படி ஐந்து வாரம் போயிற்று. ஒருநாள் காலையில் சாரூன் பெரியப்பா சமையல்கட்டில் ஐஸைப் போட்டுவிட்டுக் கடை வழியாக வெளியே போனார். ஒன்பது பெண்கள் பெஞ்சில் வரிசையாகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர் நின்றார்.

"என்ன டீச்சர், எல்லாருக்கும் லீவா?"

"தலை இல்ல பெரியப்பா. தலைக்கு எங்க போறது?"

"என்கிட்ட ஒண்ணு இருக்கே" என்று துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

நான் தியாரியை அனுப்பினேன். அவள் வந்து கைகூப்பி, "பெரியப்பா, உங்க தலைய தொடறேன், மன்னிச்சிடுங்க" என்றாள். சீப்பை எடுத்தாள். மறுபடி கைகூப்பினாள். கத்தரியை எடுத்தாள், மறுபடி மன்னிப்பு. "மன்னிச்சாச்சு அம்மா, மொத்தமா மன்னிச்சாச்சு, வெட்டு" என்றார் அவர். வெட்ட ஆரம்பித்தாள். ஐந்தே நிமிடத்தில் பிடரியில் ஒரு பள்ளம் விழுந்தது. என் உள்ளங்கை அளவு.

நான் பாய்ந்து போய்க் கத்த வாய் திறந்தேன். பெரியப்பா கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"டீச்சர், இங்க வந்து இந்தக் கண்ணாடியப் பாருங்க. நான் மட்டும்தான் தெரியறேன். வெட்டற பொண்ணு எங்க?"

பார்த்தேன். உண்மைதான். கண்ணாடியில் அவர் முகம் மட்டும் இருந்தது. தியாரியைக் காணோம். நாற்காலிக்குப் பின்னால் அவள் முட்டியை மடக்கி, முதுகை வளைத்து, அவர் தலைக்குக் கீழே தன் தலையை வைத்துக்கொண்டு, கையை மட்டும் மேலே தூக்கி வெட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் நாட்டில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் நாங்கள் குனிந்துதான் கடந்து போவோம். அவர்கள் தலைக்கு மேலே எங்கள் தலை போகக் கூடாது. இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. நடக்கப் பழகும்போதே உடம்பில் ஏறிவிடும். இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு அது தேய்ந்துபோயிருந்தது, அதனால் கண்ணில் படவில்லை. இந்தப் பெண்களுக்கோ இருமடங்கு குனிவு. பெரியவர் என்பதற்கு ஒன்று, தாங்கள் குப்பைமேடு என்பதற்கு ஒன்று. கீழேயிருந்து மேல் பார்த்து வெட்டினால் எந்த மகராசி வெட்டினாலும் கோணலாகத்தான் வரும். ஐந்து வாரமாக இதைப் பார்க்காமல் அழ அழத் திட்டியிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"நிமிர்ந்து நில்லு தியாரி" என்றேன்.

நிமிர்ந்தாள். கத்தரி கிட்டே வந்ததும் முட்டி தானாக மடங்கியது. இன்னொரு தடவை சொன்னேன். இன்னொரு தடவை மடங்கியது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, அவளால் முடியவில்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

பெரியப்பா கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அக்கா" என்றார்.

தியாரி திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"உங்களத்தான் அக்கா" என்றார். அதுவரை 'நீ' போட்டவர் 'நீங்க'வுக்கு மாறிவிட்டார். "இந்த நாற்காலில நான் உக்காந்திருக்கிற வரைக்கும் நீங்க மூத்தவங்க. நான் உங்க தம்பி. தம்பி தலைக்கு மேல அக்கா தலை இருந்தா யாரு என்ன சொல்லப் போறாங்க?"

"வேண்டாம் பெரியப்பா. எனக்குப் பாவம் சேரும்."

"பெரியப்பாவா? யாரு அது? இங்க அப்படி யாரும் இல்லையே. தம்பின்னு கூப்பிடுங்க."

பெஞ்சில் இருந்த தீதா என்கிற வாயாடி களுக்கென்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பேரன் எடுத்த மனிதர், கோயில் விசேஷத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர், குப்பைமேட்டுப் பெண்ணிடம் தம்பி என்று கூப்பிடச் சொல்லிக் காத்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. வெளியே வண்டியில் ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "ஐஸ் போகுது அக்கா" என்று மட்டும் சொன்னார்.

"தம்பி" என்றாள் தியாரி. எனக்கே சரியாகக் காதில் விழவில்லை.

"சொல்லுங்க அக்கா."

"தலைய ஆட்டாதீங்க, தம்பி."

"சரிங்க அக்கா."

கண்ணாடியில் அவர் தலைக்கு மேலே அவள் முகம் மெல்ல எழுந்து வந்தது. நான் படித்தவள் இல்லை, ஆனால் பெரிய பெரிய மனிதர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன். தன் வயதை, தன் மரியாதையை, ஏதோ துண்டை அவிழ்த்துத் தோளில் போடுவதுபோல ஒருவர் கழற்றி வைத்து நான் கண்டதில்லை. அதைப் பெரிய காரியம் என்றுகூட அவர் நினைக்கவில்லை. வெட்டி முடிந்ததும் எழுந்து, "வரேன்மா" என்று பழையபடி பெரியப்பாவாகிக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்குத் துண்டைத் தலையில் கட்டாமல்தான் ஊர் முழுக்க ஐஸ் போட்டிருக்கிறார். முன்பக்கம் மாப்பிள்ளைக் களை, பின்பக்கம் பள்ளம். காபிக் கடையில் பிடித்துக்கொண்டார்களாம்.

"என்ன அண்ணே, எலி கடிச்சுதா?"

"பின்பக்கம் வெட்டறப்போ நான் பெரியப்பாவா இருந்தேன். முன்பக்கம் வெட்டறப்போ தம்பியா இருந்தேன். ரெண்டையும் பாத்துட்டு எது தேவலன்னு நீங்களே சொல்லுங்க."

ஐஸ் போடும் நாற்பது கடையிலும் இதையே சொல்லியிருக்கிறார். மறுநாள் வேடிக்கை பார்க்கவென்று காபிக் கடைக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் சைக்கிள் ரிப்பேர்க்காரர். அக்கா என்று கூப்பிட முதலில் நாக்கு வளையவில்லை. கூப்பிட்ட பிறகு சின்னப் பையன்கள் மாதிரி முகம் மாறிவிடும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. லாட்டரிச் சீட்டு விற்கும் ஒருவர் கேலியாக, "அக்கோவ்" என்று இழுத்தார். "ஆடாதீங்க தம்பி, காது போயிடும்" என்று தீதா கத்தரியை ஒரு தடவை சும்மா வெட்டிக் காட்டினாள். அப்புறம் ஒழுங்காக உட்கார்ந்தார். ஒன்பது பெண்களும் நிமிர்ந்து நின்று வெட்டக் கற்றுக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் ஆண்கள் கணக்கு நிரம்பி வழிந்தது.

பெண்கள்தான் வரவில்லை. அதற்குக் காரணம் பெரியப்பாவின் சொந்த மனைவி.

கிம் பெரியம்மா மார்க்கெட்டில் அரிசி நூடுல்ஸும் மீன் குழம்பும் விற்பவர். மார்க்கெட்டில் அவர் உட்கார்ந்தால் மற்ற பெண்கள் உட்காருவார்கள், அவர் எழுந்தால் எழுவார்கள். ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது நேரே உள்ளே வந்து நின்றார்.

"டீச்சர், என் புருஷனுக்குத்தான் பைத்தியம், உனக்குமா? மார்க்கெட்ல என்னைப் பாத்து என்ன கேக்கறாங்க தெரியுமா? 'கிம், உன் நாத்தனாருக்கு வயசு பதினேழாமே, சீர் செஞ்சியா?' சிரிக்கறாங்க. எனக்குக் குப்பைமேட்ல நாத்தனார்!"

"பெரியம்மா, அந்தப் பொண்ணு காதுல விழும்."

"விழட்டும். அந்தக் கை எங்கெங்க போய் வந்த கை? அதைக் கொண்டுபோய் அவர் தலைல வெப்பாளா? முப்பத்திமூணு வருஷம் ஒரே பாய்ல படுத்திருக்கேன், அவர் தலைய நான் தொட்டதில்ல. தெரியுமா உனக்கு?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வயதுப் பெண்கள் அப்படித்தான். புருஷன் தலையணையைக்கூடத் தாண்ட மாட்டார்கள். தியாரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு நின்றிருந்தாள். அன்று சாயங்காலம் துணி துவைக்கும் சோப்புத் தூளைப் போட்டு, கை சிவந்து தோல் உரிகிற அளவுக்குத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோப்பு டப்பாவைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன்.

புத்தாண்டுக்கு ஒன்பது நாள். விச்செட் காகிதத்தோடு வந்தார். நூற்று முப்பத்தைந்து பெண்கள் தலை வேண்டும், இருந்தது பதினொன்று. அந்தப் பதினொன்றும் என் சொந்தக்காரிகள். புத்தாண்டுக்கு முந்தின வாரம் ஊரில் எல்லாப் பெண்களும் முடி திருத்திக்கொள்வார்கள். ஆனால் கிம் வராத இடத்துக்கு மார்க்கெட் வராது. "மூட்டை கட்டிக்கச் சொல்லிடுங்க டீச்சர்" என்றார் விச்செட்.

மறுநாள் காலையில் பெரியப்பா வந்து உட்கார்ந்தார்.

"வெட்டறதுக்கு முடியே இல்லையே தம்பி. முந்தாநாள்தான வெட்டினேன்" என்றாள் தியாரி. குரல் செத்திருந்தது.

"அப்ப கழுவி விடுங்க அக்கா. கழுவறதுக்கு முடி வளரணுமா என்ன?"

சாய்வுக் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெட்டும்போது கத்தரியும் சீப்பும் முடியோடு நின்றுவிடும். கழுவும்போதுதான் விரல் தோலைத் தொடும். அவள் நுரை போட்டுத் தேய்த்துக்கொண்டே வந்தாள். இடப்பக்கச் சுழிக்குக் கீழே வந்ததும் விரல் நின்றது.

"தம்பி, இது என்ன?"

"எது அக்கா?"

"இங்க. தோலுக்கு அடியில உருண்டையா இருக்கு."

"அது இருக்கும்."

"எத்தன நாளா?"

"மழைக்கு முன்னாடியிலேருந்து."

"போன மழைக்கா?"

அவள் விடவில்லை. "கேக்கறேன்ல, சொல்லுங்க தம்பி."

"அதுக்கு முந்தின மழைக்கு."

"வீட்ல சொன்னீங்களா?"

"கிம்கிட்டயா? அய்யோ வேண்டாம் அக்கா. அவ வெளிலதான் சத்தம் போடுவா, உள்ளுக்குள்ள ரொம்பப் பயந்தவ. சொன்னா சாப்பிட மாட்டா. உங்ககிட்ட சொன்னதே அக்காவாச்சேன்னுதான்."

வாசலில் கிம் பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். புருஷன் மறுபடி போய் உட்கார்ந்துவிட்டார் என்று யாரோ சொல்லி, குழம்புக் கரண்டியும் கையுமாக ஓடி வந்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது.

தியாரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. எடுத்தால் நுரை அவர் கண்ணில் வழியும். ஒரு கை தலையைத் தாங்கியபடியே இருக்க, நுரையோடு இருந்த மறு கையைக் கிம்மின் பக்கம் நீட்டினாள்.

கிம் அந்தக் கையைப் பார்த்தார். தோல் உரிந்து சிவந்த கை. பிறகு கரண்டியைப் பக்கத்தில் இருந்த தீதாவிடம் கொடுத்துவிட்டுக் கிட்டே வந்தார். தியாரி அவர் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை நுரைக்குள் கொண்டுபோய், அந்த உருண்டை மேல் வைத்தாள்.

முப்பத்திமூன்று வருஷம் கழித்து ஒரு மனைவி தன் புருஷன் தலையைத் தொடுகிறாள். கிம்மின் விரல்கள் முதலில் அந்த உருண்டையைத் தொட்டன. அப்புறம் அதைத் தாண்டி, உச்சிச் சுழிக்கும் காதுக்கு மேலே குத்திட்டு நிற்கிற முடிக்கும் போயின.

"இப்ப வலிக்கல அக்கா" என்றார் பெரியப்பா, கண்ணை மூடியபடியே. "நீங்க தொட்டா வலிக்கல."

கிம் உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணீர் வழிந்து நுரையில் விழுந்தது. பெரியப்பாவின் மூக்கு விடைத்தது. எலுமிச்சம்புல்லும் மீனும் கலந்த வாசனை.

"கிம்?" என்றார்.

"பேசாம படு" என்றார் கிம். "கண்ல சோப்புப் போயிடும்."

அன்றே இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெறும் கொழுப்புக் கட்டி. பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டு இரண்டு தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். இதற்காக இரண்டு வருஷம் அந்த மனிதர் தனியாகப் பயந்துகொண்டு, ஊருக்கெல்லாம் சிரித்துக்கொண்டு, ஐஸ் அறுத்திருக்கிறார். இன்னொன்றும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன் தலைக்குள் என்னவோ வளர்கிறது என்று பயந்திருந்த நாட்களில்தான் அந்தத் தலையைக் கொண்டுவந்து எங்கள் பெண்களிடம் கொடுத்திருக்கிறார். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வேலை ஓடாது.

அடுத்த மூன்று நாள் ஐஸும் வரவில்லை, பெரியப்பாவும் வரவில்லை. பெண்கள் பொம்மைத் தலைகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கினார்கள். தியாரி தன் சீப்பைக் கழுவித் துடைத்து என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள், புத்தாண்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது, கிம் பெரியம்மா தனியாக வந்தார். நல்ல சட்டை, நல்ல கைலி, தலையில் வெளுத்த துண்டு. தெருவின் எதிர்ச்சாரியில் மார்க்கெட் பெண்கள் ஏழெட்டுப் பேர் மர நிழலில் நின்று, வேறு எதையோ பார்ப்பதுபோல இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிம் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து துண்டை அவிழ்த்தார். நரைத்து மெலிந்த முடி.

மரியாதைக்கு நானே கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன்.

"நீ தள்ளு" என்றார் என்னிடம்.

தியாரி வந்தாள். கைகூப்பி மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள்.

"கும்பிடறத விடுங்க" என்றார் கிம். "மூத்தவங்க சின்னவங்களக் கும்பிடக் கூடாது. நாத்தனார் முறையெல்லாம் எனக்குச் சரிப்படாது. நானும் அக்கான்னே கூப்பிடறேன்."

தியாரியின் கை எழுந்து அந்த நரைமுடியின் மேல் தயங்கி நின்றது. கிம் தன் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, தானாகவே அந்தக் கையில் கொண்டுபோய் வைத்தார்.

"மெதுவா, அக்கா" என்றார். "எங்கம்மா போனதுக்கப்புறம் இந்தத் தலைய யாரும் தொட்டதில்ல."

எதிர்ச்சாரியில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் துண்டை அவிழ்த்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்தார்கள்.